நாலு பேர் சுமந்த கட்டில்



அர்ச். மாற்கு எழுதின சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு சம்பவம் சொல்லப்பட்டிருக்கிறது. ஞானோபதேச வகுப்புக்கு வரும் சிறு பிள்ளைகளும் அறிந்த சம்பவந்தான். கப்பர்நகூம் என்னும் ஊரிலே நமது ஆண்டவர் ஒரு வீட்டினுள் இருந்து போதிக்கிறார். வாசற்படியிலும் கால் வைக்க இடமில்லாதபடி சனக்கூட்டம். அந்நேரத்தில் கை கால் விழுந்துபோன ஒருவனை நாலு பேர் கட்டிலோடு சுமந்து வருகிறார்கள். கூட்டத்தில் ஒருவரும் வழிவிடவில்லை. வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்களா? இல்லை. கூரையின்மேல் ஏறி, அதைப் பிரித்து, திறப்பு உண்டாக்கி, அவன் படுத்திருந்த கட்டிலை ஆண்டவருடைய பாதத்தருகே இறக்கினார்கள். அந்த வியாதிக்காரன் குணமானது பெரிய புதுமை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சுவிசேஷகர் அதற்கு முன்னதாக ஒரு காரியம் எழுதியிருக்கிறார். அதை நாம் சாதாரணமாய்க் கவனிப்பதில்லை. ஆண்டவர் முதலாவது கண்டது சுமந்து வந்தவர்களுடைய விசுவாசத்தை. அதைக் கண்ட பிறகே அவனிடம் பேசினார்.

அந்த மனிதன் தானாக வந்திருக்க முடியாது. ஒருவர் மட்டும் அவனைச் சுமந்திருக்கவும் முடியாது. கட்டிலுக்கு நாலு மூலை. ஒரு மூலையை விட்டால் கட்டில் சாயும். இன்றைக்கு நான் உங்களோடு பேச விரும்புவது அந்த நாலு மூலைகளைப் பற்றித்தான். பேசுவதற்கு முன், உங்கள் பங்குக் குரு உங்கள் முன்னிலையில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசையில் நான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு தாய், ஒன்பது வயதுப் பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனுக்குப் பேச்சு வராது, நடையும் இல்லை. திடீரென்று அவன் சத்தமிட்டான். சற்று நேரம் கழித்து மறுபடியும் சத்தமிட்டான். நான் பேச்சை நிறுத்தினேன். அந்தப் பக்கம் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். ஆனால் பங்குக் குரு நிறுத்திப் பார்த்தால், கோவில் முழுவதும் திரும்பிப் பார்க்கும் அல்லவா? அந்தத் தாய் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தலைகுனிந்து வெளியே போனாள். நான் விட்ட இடத்திலிருந்து பிரசங்கத்தைத் தொடர்ந்தேன். பிறர்சிநேகத்தைப் பற்றிய பிரசங்கம் அது.

பதினொரு ஞாயிற்றுக்கிழமை அவள் கோவிலுக்கு வரவில்லை. பதினொன்று என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் பக்கத்து வீட்டு மூதாட்டி எண்ணிக்கொண்டிருந்து என்னிடம் சொன்னாள். அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போனேன். அந்தத் தாய் தோத்திரம் சொல்லி நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அப்பொழுது அவள் சொன்ன வார்த்தை இன்றளவும் என் காதில் இருக்கிறது: "சாமி, உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. நீங்க பாத்த மாதிரிதான் எல்லாரும் பாக்காங்க. பஸ்ஸுல பாத்தா தாங்கிக்கிடுவேன், கலியாண வீட்டுல பாத்தா தாங்கிக்கிடுவேன். கோவில்லயும் பாத்தா நான் எங்க சாமி போவேன்?"

பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. கப்பர்நகூமில் வாசலை மறித்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன் என்று அன்று கண்டுகொண்டேன்.

அன்றைக்கு அந்த வீட்டில் வேறொன்றையும் அறிந்தேன். ஒன்பது வருஷமாக அவள் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலைந்து திருத்தலங்களுக்குப் போயிருக்கிறாள்; நேர்ச்சைகள் செலுத்தியிருக்கிறாள். ஆனால் சர்க்கார் கொடுக்கும் அடையாள அட்டை அவனுக்கு இல்லை. மாத உதவித்தொகை ஒன்று உண்டு என்பதை அவள் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் தடவை அவள் போகவில்லை. தகப்பன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. இதில் என் மனதை மிகவும் வருத்தியது எது தெரியுமா? அதே தெருவில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வுபெற்ற அம்மாள் ஒருவர் இருக்கிறார். தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். எல்லாரும் நம் பங்கு மக்கள், எல்லாரும் நல்லவர்கள். கட்டிலைத் தூக்க நாலு பேர் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள். ஒன்பது வருஷமாக ஒருவரும் கை கொடுக்கவில்லை; கை கொடுக்கும்படி ஒருவரும் அவர்களிடம் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டியவன் நான்.

பிரியமான கிறிஸ்தவர்களே! இத்தகைய பிள்ளையைப் பெற்றவர்களை முதன்முதலில் தாக்குவது பிறருடைய நாக்கு. "யார் செய்த பாவமோ!" என்கிறார்கள். இந்தக் கேள்வி புதியதல்ல. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு அப்போஸ்தலர்களே ஆண்டவரிடம் கேட்டார்கள்: இவன் பாவமா, இவனைப் பெற்றவர்களுடைய பாவமா என்று. இரண்டும் இல்லை என்று ஆண்டவர் தீர்த்துச் சொன்னதை அர்ச். அருளப்பர் தமது சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஆண்டவரே தீர்ப்புச் சொல்லிவிட்ட வழக்கை நாம் தெருத் திண்ணையில் உட்கார்ந்து மறுபடி விசாரிப்பது எவ்வளவு பெரிய அகந்தை!

காரணங்கள் பலவென்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். பிரசவ நேரத்தில் குழந்தையின் மூளைக்குப் பிராணவாயு குறைந்திருக்கலாம், பிறந்தவுடன் கண்ட கடுமையான மஞ்சள் காமாலை காரணமாயிருக்கலாம், மூளைக்காய்ச்சல் வந்திருக்கலாம். டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகளுக்கு உடலின் அணுக்களில் இருபத்தோராவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கிறது. பல சமயம் இன்னதுதான் காரணம் என்று வைத்தியருக்கே சொல்ல முடிவதில்லை. இதில் தாயைக் குற்றம் சாட்டுவதற்கு என்ன இருக்கிறது? மருமகளை இதற்காக இடித்துப் பேசுகிற மாமியார் யாராவது இங்கே இருந்தால், இந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரட்டும். இப்பிள்ளைகளுக்கு இழிவான பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறவர்களும் வரட்டும். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, பொது இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமதிக்கிறவனுக்கு ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. உலகத்துச் சட்டமே இவ்வளவு கண்டிப்பாயிருக்க, சர்வேசுரனுடைய கற்பனைகளுக்கு உட்பட்ட நாம் எவ்வளவு எச்சரிக்கையாயிருக்க வேண்டும்!

இனிப் புதுமைகளைப் பற்றி ஒரு வார்த்தை. திருத்தலங்களுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. தேவமாதாவின் பாதத்தில் அழுவதற்கு ஒரு தாய்க்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அர்ச்சியசிஷ்டவர்களில் ஒருத்தியுடைய சரித்திரத்தைக் கேளுங்கள். இத்தாலி தேசத்தில் 1287-ல் ஒரு பிரபுவின் கோட்டையில் மார்கரீத் என்னும் பெண் பிறந்தாள். கண் தெரியாது, உயரம் மிகவும் குறைவு, முதுகு கூன், கால் ஊனம். பெற்றோர் வெட்கப்பட்டு, ஊரார் கண்ணில் படாதபடி அவளை ஒரு சிற்றாலயத்தை ஒட்டிய சிறிய அறையில் சிறுவயதிலேயே அடைத்து வைத்தார்கள். சில வருஷம் கழித்து, கஸ்தெல்லோ நகரத்தில் புதுமைகள் நடப்பதாகக் கேள்விப்பட்டு அவளை அங்கே கொண்டுபோனார்கள். வேண்டினார்கள், புதுமை நடக்கவில்லை. அவளை அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்பிவிட்டார்கள்!

அவளை எடுத்து ஆதரித்தவர்கள் யார்? அந்த ஊர் ஏழைகள். ஒரு வீட்டில் மாறி ஒரு வீடாக அவளை வைத்துக் காப்பாற்றினார்கள். அவள் அர்ச். சாமிநாதருடைய மூன்றாம் சபையில் சேர்ந்தாள், பிள்ளைகளுக்குப் போதித்தாள், சிறைச்சாலையில் கிடந்தவர்களைப் போய்ப் பார்த்து ஆறுதல் சொன்னாள். 1320-ல் மரித்தாள். ஏறக்குறைய எழுநூறு வருஷத்துக்குப் பிறகு, 2021 ஏப்ரல் 24-ந் தேதி பிரான்சிஸ் பாப்பானவர் அவளை அர்ச்சியசிஷ்டவள் என்று அறிவித்தார். யோசித்துப் பாருங்கள்: பெற்றோர் கேட்ட புதுமை கிடைக்கவில்லை, அவர்கள் மறைத்து வைத்த பிள்ளை இன்று பீடத்தில் வைத்து வணங்கப்படுகிறாள். புதுமை நடந்தால் மட்டுமே பிள்ளை நமக்கு வேண்டும் என்று நினைப்பது விசுவாசம் ஆகாது. சர்வேசுரனே வைத்தியனையும் மருந்தையும் உண்டாக்கினார் என்று சீராக் ஆகமம் முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் போதிக்கிறது. ஆகையால் செபமாலை ஒரு கையில் இருக்கட்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு மற்றக் கையில் இருக்கட்டும்.

இப்பொழுது கட்டிலின் நாலு மூலைகளுக்கு வருவோம்.

முதல் மூலை, காலத்தோடு கண்டுபிடித்தல். இதைப் பிடிக்க வேண்டியவர்கள் பெற்றோரும், தாத்தா பாட்டிகளும், வைத்தியர்களும். நாலைந்து மாதமாகியும் குழந்தைக்குத் தலை நிற்கவில்லையா? ஒன்பது மாதத்திலும் தானாக உட்காரவில்லையா? ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? ஒன்றரை வயதில் நடக்கவில்லையா, ஒரு வார்த்தையும் பேசவில்லையா? சத்தம் கேட்டு விழிக்கவில்லையா? "இவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று சொல்லிக் காத்திருக்காதீர்கள். ஒருவேளை ஒன்றும் இல்லாதிருக்கலாம், சந்தோஷம். ஏதாவது இருந்தால், முதல் மூன்று நான்கு வருஷங்களே பொன்னான காலம். குழந்தையின் மூளை அக்காலத்தில்தான் மிக வேகமாய் வளர்கிறது.

இதற்கென்றே 2013-ம் வருஷம் முதல் சர்க்கார் ஒரு திட்டம் நடத்துகிறது. பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்க வைத்தியக் குழுக்கள் வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கும், ஒரு முறை சர்க்கார் பள்ளிக்கூடங்களுக்கும் வருகின்றன. குறை கண்டால், மாவட்டத்திலுள்ள பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே குழந்தை வைத்தியர், உடற்பயிற்சி சிகிச்சை கொடுப்பவர், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், காது பரிசோதிப்பவர் முதலியோரை ஒரே இடத்தில் காணலாம். கட்டணம் இல்லை. பாதம் வளைந்து பிறந்த குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களிலேயே மாவுக்கட்டுப் போட்டுப் போட்டு நிமிர்த்திவிடலாம். தைராய்டு சுரப்புக் குறைவாய்ப் பிறந்த குழந்தைக்கு முதல் வாரங்களிலேயே மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி கெடாமல் காப்பாற்றலாம். காது முற்றிலும் கேளாத குழந்தைக்குக் காக்ளியர் என்னும் கருவி பொருத்தும் சத்திரசிகிச்சை, ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படுகிறது. இவையெல்லாம் காலம் தவறினால் கைநழுவிப்போகும் காரியங்கள்.

நான் சொன்ன அந்தப் பிள்ளையைப் பரிசோதித்த வைத்தியர், இரண்டு வயதில் கொண்டுவந்திருந்தால் இன்னும் எவ்வளவோ செய்திருக்கலாம் என்று சொன்னார். அவர் உள்ளதைச் சொன்னார், அதில் தவறில்லை. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தத் தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்தக் கண்ணீர் நம் பங்கில் இன்னொரு தாய்க்கு வேண்டாம் என்றுதான் இவ்வளவும் சொல்லுகிறேன்.

இரண்டாம் மூலை, சர்க்கார் கொடுக்கும் அத்தாட்சியும் அதனால் வரும் உதவிகளும். பலர் இதற்குக் கூசுகிறார்கள். அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதுபோல் ஆகிவிடும் என்று பயப்படுகிறார்கள். அந்த அட்டை பல கதவுகளைத் திறக்கிற சாவி. தனித்துவ அடையாள அட்டை என்று அதற்குப் பெயர். மேலே சொன்ன 2016-ம் வருஷத்துச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. முன்பு 1995-ம் வருஷத்துச் சட்டத்தில் ஏழு வகைதான் இருந்தது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு முதலியவை இப்பொழுது அதில் அடங்கும். ஆகவே முன்னொரு காலத்தில் இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் மறுபடியும் போய்க் கேட்கலாம்.

அட்டைக்கு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். செய்யத் தெரியாதவர்கள் இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். பிள்ளையின் போட்டோ, ஆதார், விலாசத்துக்கு ஆதாரம், இருக்கிற வைத்தியக் காகிதங்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். பிறகு சர்க்கார் வைத்தியர் பரிசோதித்து எத்தனை சதவீதம் என்று எழுதுவார். நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலான உதவிகளுக்குத் தகுதி உண்டாகும். சிறு பிள்ளைகளுக்குச் சில சமயம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அத்தாட்சி கொடுப்பார்கள். தேதியைக் குறித்து வைத்துப் புதுப்பிக்க மறவாதீர்கள். எல்லாக் காகிதங்களுக்கும் இரண்டு நகல் எடுத்து ஒரே பைலில் வைத்திருங்கள். இது சிறு காரியம்போல் தோன்றும். ஆனால் ஒரு காகிதம் குறைந்ததற்காக நடந்த நடைகளை இப்பெற்றோர்களைக் கேட்டால் தெரியும்.

பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். நமது தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் முதலியோருக்குக் கொடுக்கும் மாதாந்தப் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரியிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சக்கர நாற்காலி, காதுக்கருவி முதலியவற்றுக்கும் அங்கேதான் எழுதிக் கொடுக்க வேண்டும். மேலும் 1999-ம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பலவகைக் குறைபாடு ஆகிய நான்கு வகையினருக்கு நிராமயா என்னும் காப்பீடு உண்டு. வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை வைத்தியச் செலவுக்கும், தொடர்ந்து கொடுக்கும் பயிற்சிச் செலவுக்கும் அதில் இடமுண்டு. இதை யாரும் பிச்சை என்று எண்ணவேண்டாம். பலவீனரைத் தாங்குவதற்கே சமூகம் ஏற்படுத்திக்கொண்ட நீதி இது.

மூன்றாம் மூலை, பள்ளிக்கூடம். நாற்பது சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு, பக்கத்துப் பள்ளிக்கூடத்திலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாய்ப் படிக்கும் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. சர்க்கார் பணம் பெறுகிற அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கூடம் எதுவும் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் தள்ளக்கூடாது. நம்முடைய கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களும் இதற்கு விலக்கல்ல. இதை நான் மனவருத்தத்தோடு சொல்லுகிறேன்: சேசுநாதருடைய படத்தை வாசலில் மாட்டி வைத்துவிட்டு, தேர்ச்சி சதவீதம் குறையுமே என்று ஒரு பிள்ளையை உள்ளே விடாமல் அனுப்பினால், அந்தப் படத்துக்கு முன் நாம் என்ன முகத்தோடு நிற்போம்?

வட்டார வள மையம் என்று ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கிறது. அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் உண்டு. பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பார்கள். பொதுப் பரீட்சையில் எழுதிக் கொடுக்க ஆள், அதிகப்படி நேரம், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு முதலிய சலுகைகளைத் தகுதியுள்ள பிள்ளைகளுக்குக் கேட்டுப் பெறலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் பரீட்சைக்கு வெகு முன்னதாகவே தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டும். நம் மாநிலத்தில் பேர்பெற்ற ஸ்தாபனங்களும் இருக்கின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் நடக்கிறது. தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய தொண்டு செய்கிறது. அந்தச் சங்கத்தைத் தொடங்கியவரே கழுத்துக்குக் கீழ் அசைவற்றுச் சக்கர நாற்காலியில் இருந்தவர் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு பெற்றோருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. ஆகையால் இப்பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பது மிகவும் அவசியம். எந்த ஆபீசில் எந்தக் கிழமை போவது, எந்தப் பயிற்சியாளர் பொறுமையுள்ளவர் என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வரும்.

நாலாம் மூலை நாம். அதாவது இந்தப் பங்கு. அட்டையும் பணமும் பயிற்சியும் சர்க்கார் கொடுக்கும். ஆனால் சிநேகத்தைக் கலெக்டர் ஆபீசில் எழுதிக் கேட்க முடியுமா?

அந்தத் தாய் அன்றைக்கு என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி இது: "சாமி, இவனுக்குப் புதுநன்மை குடுப்பீங்களா?" மாற்றுத்திறனுள்ளவர்களுக்குத் தேவதிரவிய அனுமானங்களை ஒருவரும் மறுக்கலாகாது என்று 2020-ல் உரோமையிலிருந்து வெளியான மறைக்கல்விக்கான பொது ஒழுங்கு நூல் தெளிவாகச் சொல்லுகிறது. கேள்வி பதிலை ஒப்பிக்க வராது என்பதற்காக ஓர் ஆத்துமத்தை ஆண்டவருடைய பந்தியிலிருந்து தள்ளிவைக்க நாம் யார்? செவிடும் ஊமையுமாயிருந்த ஒருவனை ஆண்டவர் குணமாக்கினபோது, அவனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப்போனார், அவன் காதைத் தொட்டார், நாவைத் தொட்டார். வார்த்தை கேளாதவனோடு அவன் அறியும் முறையிலே பேசினார். நம் உபதேசியார்களும் அப்படியே கற்பிக்க வேண்டும்: படங்களால், தொடுதலால், பாட்டால், அப்பத்தைக் கையில் கொடுத்து.

ஆகவே நமது பங்கில் சில காரியங்களை ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பிறகு, அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையார் பங்கு அலுவலகத்தில் இருப்பார்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார்கள். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் கூடவே வருவார்கள். மரியாயின் சேனையார் இத்தகைய வீடுகளைச் சந்தித்து, தாய் சற்று ஓய்வெடுக்கவோ கடைக்குப் போய்வரவோ இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள். கோவிலின் தெற்கு வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை கட்டப்படும். முன் வரிசையில் இரண்டு பெஞ்சுகள் இக்குடும்பங்களுக்கு என்று இருக்கும். விரும்புகிறவர்கள் அங்கே உட்காரலாம், வேறெங்கும் உட்காரலாம். பிள்ளை சத்தமிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். பீடத்தில் நிற்கிற நானும் பார்க்க மாட்டேன். பார்த்தால், சிரித்த முகத்தோடு பார்ப்பேன்.

இன்னும் ஒரு பயம் இப்பெற்றோர்களின் நெஞ்சில் இரவும் பகலும் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?" என்பதே அது. இப்பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்தபின் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, கலெக்டர் தலைமையில் மாவட்டந்தோறும் ஒரு குழு உண்டு. மேலே சொன்ன 1999-ம் வருஷத்துச் சட்டம் அந்த நான்கு வகையினருக்கு இதை ஏற்படுத்தியிருக்கிறது. காலத்தோடு அதைச் செய்யுங்கள். உடன்பிறந்தவர்களோடு கலந்து பேசுங்கள். ஆனால் முழுப்பாரத்தையும் ஒரு தங்கையின் தலையில் கட்டி, அவளுடைய வாழ்வை அமுக்கிவிடாதீர்கள். மற்றவர்களாகிய நமக்கும் ஒரு கேள்வி உண்டு. கஸ்தெல்லோ நகரத்து ஏழைகள் ஒரு குருட்டுப் பெண்ணை வீடு வீடாக வைத்துக் காப்பாற்றினார்களே. ஞானஸ்நானத்தால் ஒரே குடும்பமான நாம், அந்தத் தாய் தகப்பனைப் பார்த்து, "நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்ல முடியுமா? சொல்லிவிட்டு அதைக் காப்பாற்ற முடியுமா?

அந்தப் பிள்ளை என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அவன் நடக்கவில்லை, பேசவுமில்லை. அட்டை கிடைத்தது, மாதப் பணம் வருகிறது, பயிற்றுநர் வீட்டுக்கு வருகிறார். எட்டு மாதப் பயிற்சிக்குப் பிறகு ஒருநாள் தன் கையாலேயே சோறெடுத்து வாயில் வைத்துக்கொண்டான். முதல் முறை பாதிச் சோறு சட்டையில்தான் விழுந்தது. அன்று அவன் தாய் ஓய்வுபெற்ற நர்சம்மாளைக் கூப்பிட்டு, அவர் வாத்தியாரைக் கூப்பிட்டு, அந்தத் தெருவே வந்து பார்த்தது. சென்ற வருஷம் கிறிஸ்து அரசர் திருநாளன்று அவன் புதுநன்மை வாங்கினான். எழுந்தேற்ற மணி அடிக்கும்போது அவன் இப்பொழுதும் ஒருமுறை சத்தமிடுவான். முன்பு அது எனக்கு இடைஞ்சலாயிருந்தது. இப்பொழுது அந்தச் சத்தம் வராத ஞாயிறுகளில், பிள்ளைக்கு உடம்புக்கு என்னவோ என்று என் மனம் பூசை முடியுமட்டும் அவன் வீட்டுப் பக்கமே போகிறது.

பிரியமான கிறிஸ்தவர்களே! இன்று பூசை முடிந்து வீட்டுக்குப் போகும்போது உங்கள் தெருவை ஒருதரம் எண்ணிப் பாருங்கள். மூடிய கதவுக்குப் பின்னால் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறதா? அந்தத் தாயை நீங்கள் கடைசியாகக் கோவிலில் கண்டது எப்பொழுது? இந்த வாரத்துக்குள் அந்தக் கதவைத் தட்டுங்கள். ஆலோசனை சொல்ல அவசரப்பட வேண்டாம். முதலில் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு கட்டிலின் ஒரு மூலையைப் பிடியுங்கள். அப்பொழுது ஆண்டவர் உங்கள் விசுவாசத்தையும் காண்பார்.

வியாகுலத்தாயே, உமது திருமகனைச் சிலுவையடியில் கைவிடாமல் நின்றவரே! இந்தப் பிள்ளைகளைச் சுமக்கும் தாய்மாருக்குப் பெலன் தாரும். அவர்கள் தனியே சுமக்காதபடி எங்கள் கைகளை நீட்டச் செய்தருளும்.

பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரித்து சாந்துவுடையவும் நாமத்தினாலே, ஆமென்.